இடது கை தூக்கியவர்கள்

நசீர் வருகிறார் என்று தெரிந்த அன்று தலைமையாசிரியர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பின் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நசீர் என்பது ஆள் பெயர் இல்லை; கல்வி அமைச்சிலிருந்து பள்ளிகளைப் பார்வையிட வரும் அதிகாரியை அப்படித்தான் சொல்வோம். அவர் வருகிறார் என்றால் ஆசிரியர்கள் மட்டுமல்ல, கேண்டீன் நடத்தும் அம்மாவும் சேர்ந்து தரையைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்.

"டீச்சர், அத எப்ப எடுக்கப் போறீங்க?"

"எத சார்?" புரியாத மாதிரி கேட்டேன்.

"அந்தச் செவுரதான் சொல்றேன். வெளையாடாதீங்கலா."

அவர் சொன்ன சுவரில் கலர் காகிதங்கள் ஒட்டியிருந்தன. நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் அன்றன்றைக்குத் தங்களுக்குப் புரியாத ஒன்றை அதில் எழுதி, கீழே பெயரும் போட்டு ஒட்டுவார்கள். 'வகுத்தா மிச்சம் வருது, அத என்ன பண்றது தெரியல.' 'கால் பெருசா அரைக்கால் பெருசா?' 'ஒரு கிலோமீட்டர்னா எங்க வீட்டுலேர்ந்து எதுவரைக்கும்?' புரிந்துவிட்டால் ஒட்டியவர்களே வந்து கிழித்துக்கொள்ளலாம். என்னுடைய புத்தாக்கம் மொத்தமும் அவ்வளவுதான். புத்தாக்கம் பற்றி எங்களுக்கு ஹோட்டலில் பயிற்சி நடத்துவார்கள், குவே பலகாரமும் தேநீரும் தந்து, திரையில் பெரிய பெரிய படங்கள் காட்டுவார்கள். நான் காகிதமும் பசையும் வைத்துச் செய்தேன். இதற்கு வந்த எதிர்ப்பைப் பார்த்தால் நான் ஏதோ பள்ளிக்குத் தீ வைத்துவிட்டேன் என்று நினைக்கத் தோன்றும்.

எங்கள் பள்ளிகளில் 'புரியுதா?' என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே ராகத்தில் 'புரியுது டீச்சர்' என்று இழுக்கும். புரியாதவனின் குரல்தான் அதில் அதிகமாகக் கேட்கும். தெரியாது என்று சொல்வதற்கு இங்கே பிள்ளைகளுக்கு நாக்கு எழும்பாது. சொன்னால் சிரிப்பார்கள், வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழும், ஆசிரியரும் முகத்தைச் சுளிப்பார். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் பாதிப் பாடம் நடத்திய மாதிரி என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. சித்தியவான் பக்கத்திலிருந்து குடிமாறி வந்தவள். அம்மா சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, அப்பா உடன் இல்லை. வெண்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். எழுதியது என்ன என்று கேட்டால் ஒரு வார்த்தை வராது. பழைய பள்ளியில் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, பார்த்து எழுதினால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். என்னிடமும் வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. சுவர் வந்து பல வாரம் கழித்து ஒரு நாள் ஒரு மஞ்சள் காகிதத்தைக் கையில் மடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். 'எனக்குக் கழித்தல் தெரியாது' என்று எழுதியிருந்தது. வகுத்தல் நடக்கிற வகுப்பில் கழித்தல் தெரியாமல் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அவளோடு கழித்தலில் ஆரம்பித்தேன். மெதுவாக வந்துகொண்டிருந்தாள். 'தெரியாது டீச்சர்' என்று வாய்விட்டுச் சொல்லவும் பழகியிருந்தாள். நசீர் வருகிறார் என்றதும் எனக்கு இருந்த பயமெல்லாம் இந்த ஒரு பிள்ளையைப் பற்றித்தான். யாராவது ஒரு தட்டுத் தட்டினால் நத்தை மாதிரி மறுபடி உள்ளே போய்விடுவாள்.

தலைமையாசிரியரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் இடத்தில் இருந்தால் தெரியும். எங்கள் பள்ளி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. இப்போது சுற்றிலும் செம்பனைத் தோட்டமும், அதைத் தாண்டினால் புது வீடமைப்பும்தான். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஈப்போவில் இருக்கும் பெரிய பள்ளிக்கு வேன் இந்த வழியாகவே போகிறது. நசீரின் மதிப்பீடு மோசமாக வந்தால் அந்த வேனில் இன்னும் கொஞ்சம் பேர் ஏறிவிடுவார்கள். அவரைத் தூங்கவிடாத கவலை அதுதான்.

போதாததற்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. யாரோ ஒரு அம்மா சுவரைப் படம் பிடித்துப் போட்டு, 'என் மகனுக்கு ஒன்னும் தெரியாதுன்னு பேரு போட்டு ஒட்டியிருக்காங்க, இதுதான் படிச்சுக் குடுக்கற லட்சணமா?' என்று கேட்டுவிட்டார். அதன் கீழே கோபமாக முகம் சிவந்த பொம்மைகள் வரிசையாக வந்தன. ஓர் அப்பா லாரியைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "டியூஷனுக்கு நான் அனுப்பிக்கிறேன் டீச்சர், நீங்க அந்தப் பேப்பர மட்டும் கிழிச்சிடுங்க" என்றார். அவருடைய மகனே என் பக்கத்தில் நின்று, "அப்பா, அது நாந்தான் ஒட்டினேன்" என்றான். மகனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரே ஒரு நாளைக்கு எடுத்து வைங்க டீச்சர். அவரு போனதும் ஒட்டிக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

"பிள்ளைங்க கேட்டா என்னா சார் சொல்றது? தெரியாதுன்னு சொல்றது நல்லதுன்னு சொல்லிக் குடுத்துட்டு, ஆளு வந்தா மட்டும் மறைச்சு வைங்கன்னா?"

"ரொம்ப சூசா ஆளு டீச்சர் நீங்க. ஒங்களோட மல்லுக்கட்ட முடியல."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் முகம் வாடியதைப் பார்த்தும் விட்டுக்கொடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நசீர் வருவதற்கு முந்தின நாள் என்னை அலுவலகத்தில் உட்கார வைத்து, கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். என் வகுப்பை அதுவரை பார்த்துக்கொள்ள எங்கள் மூத்த ஆசிரியை போனார். எல்லாருக்கும் அவர் அக்காதான். இந்தப் பள்ளியிலேயே காலம் பூராவும் இருந்தவர். நான் காலையில் சாப்பிடாமல் வருவேன் என்று எனக்கும் சேர்த்துத் தோசை கட்டிக்கொண்டு வருகிற மனுஷி. அவர் என் வகுப்புக்குப் போகிறார் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சுவர் மொட்டையாகக்கூட இல்லை, அதற்குள் அலங்காரம் பண்ணிவிட்டார்கள். காகிதப் பூக்கள், நடுவில் பெரிய எழுத்தில் 'வெற்றி நமதே'. பிள்ளைகளின் காகிதங்களை ஒன்றுகூடக் கசங்காமல் அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு, பிளாஸ்டிக் பையில் என் மேசைமேல் வைத்திருந்தார்கள். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒரு நாளைக்குத்தான்மா" என்றார். "நானே வந்து திருப்பி ஒட்டித் தாரேன். கோவப்படாத, நல்லா தூங்கு. பிள்ளைங்கள எல்லாம் ரெடி பண்ணிட்டேன்."

என்ன ரெடி பண்ணினார் என்று கேட்கத் தோன்றவில்லை. சட்டை, நகம், தலைமுடி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை புந்தோங்கிலிருந்து காரில் வரும்போது கல் ஏற்றிய லாரிகள் முன்னும் பின்னுமாக அடைத்துக்கொண்டன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, அந்தப் பெண் பிள்ளையை யாரும் கேள்வி கேட்டு எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும். எனக்கு எந்த மதிப்பீடும் வேண்டாம், அது மட்டும் போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

வந்த நசீர் தமிழர்தான். உயரமான ஆள், நரைத்த தலை, மரியாதையான பேச்சு. பின்னால் காகிதப் பூவுக்குக் கீழே பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வாசல் ஓரம் நின்றார். மிச்சத்தோடு வகுத்தல் பாடம். தொண்ணூற்று இரண்டு ரம்புத்தான், ஒரு பையில் ஆறு போடலாம், எத்தனை பை நிறையும், எத்தனை பழம் மிஞ்சும் என்று பலகையில் எழுதினேன். எல்லாரும் தங்கள் சின்ன வெள்ளைப் பலகையில் போட்டுப் பார்த்தார்கள்.

"யாரு சொல்றீங்க?" என்று திரும்பினேன்.

எல்லாக் கைகளும் மேலே இருந்தன.

என் வகுப்பில் நாலைந்து கைக்கு மேல் எழுந்ததே கிடையாது. மற்றவர்கள் தெரியாது என்பார்கள், அங்கிருந்துதான் நாங்கள் பாடத்தை ஆரம்பிப்போம். முன் வரிசைப் பையன் வலது கையில் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கியிருந்தான். பக்கத்தில் இருந்தவள் வலது கை. அதற்கடுத்து இரண்டு இடது.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் படித்த யாருக்கும் இது தெரியும். வெளியாள் வரும் நாளில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. ஆசிரியர் வலது கைகளை மட்டும் எழுப்புவார். வந்தவர் கண்ணுக்கு வகுப்பு முழுக்கக் கெட்டிக்காரர்கள். அக்கா ரெடி பண்ணியது இதைத்தான்.

பிள்ளைகளுக்கு இது என் ஏற்பாடு இல்லை என்று எப்படித் தெரியும்? டீச்சர் சொல்லி அனுப்பியதாகவே நினைத்திருப்பார்கள். கழித்தல் தெரியாத அந்தப் பிள்ளை இடது கையைக் காதோடு ஒட்டி நேராகத் தூக்கியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் என்னைக் கூப்பிட மாட்டீர்கள், எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு.

வலது கை தூக்கிய ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். யாரையும் கூப்பிடாமல் மார்க்கர் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார்.

பின்னாலிருந்து நசீர் எழுந்தார். "நான் கேக்கலாமா டீச்சர்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வரிசைக்குள் நடந்து, அவள் பக்கத்தில் போய் நின்றார். "நீ சொல்லும்மா."

அவள் எழுந்தாள். தூக்கிய இடது கையை இறக்க மறந்து அப்படியே நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. 'தெரியாது' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை. ஆனால் அந்த வார்த்தையை மட்டும் நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்று அக்கா முந்தின நாள் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதிலும் தெரியாது, தெரியாது என்றும் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?

பிறகு அடுத்த வரிசையில் ஒரு பையன். "நீ சொல்லுப்பா." அவனும் இடது கை. ஜன்னல் ஓரம் இன்னொருத்தி, அவளும் இடது கை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதருக்கு விஷயம் தெரியும். தெரிந்தேதான் இடது கைகளைக் கூப்பிடுகிறார். மூன்று பிள்ளைகள் ஊமையாக நின்றார்கள்.

"சார், மன்னிக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "கை தூக்கினவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. இன்னும் நாங்க அங்க வந்து சேரல. அவங்கள உக்காரச் சொல்லிட்டு நான் சொல்லிக் குடுக்கட்டுமா?"

தலைமையாசிரியர் பக்கம் நான் திரும்பவே இல்லை. நசீர் தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். நான் பிள்ளைகளைப் பார்த்து, எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டேன். "எல்லாரும் கைய எறக்குங்க. இப்ப, தெரியாதவங்க மட்டும் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"பயப்படாதீங்க. நம்ம எப்பவும் செய்யறதுதானே."

அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதை என் கண் முன்னாலேயே இடித்துப் போட்டாகிவிட்டது. மிச்சப் பாடத்தை நடத்தினேன். யாருக்கு நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பாடம் முடிந்து நடைபாதையில் நசீர் எனக்காக நின்றார். "நானும் தோட்டப் பள்ளிதான் டீச்சர். எனக்கு எப்பவும் எடது கைதான். பள்ளிக்கூடத்த விட்டுப் போற வரைக்கும் என்ன ஒருத்தரும் ஒன்னும் கேட்டதில்ல. அப்புறம் எல்லாத்தையும் தனியாதான் படிச்சேன்."

"அப்புறம் ஏன் சார் அந்தப் பிள்ளைய எழுப்புனீங்க?" அதிகாரி என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன யாராச்சும் எழுப்பியிருக்கலாமேன்னுதான்" என்றார்.

அவர்மேல் கோபப்படலாம் என்று இருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது மாணவர் ஈடுபாடு நன்று என்று சொல்லிவிட்டுப் போனாராம். சின்னப் பள்ளி, கெடுப்பானேன் என்று நினைத்திருப்பார். தலைமையாசிரியர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்லை. "பாத்தீங்களா டீச்சர், ஒங்க வாயால கெட்டிருக்கும். எல்லாக் கையும் மேல நின்னுச்சே, அதுதான் காப்பாத்துச்சு. இனிமே அந்தச் செவுரு வேணாம், இப்படியே போலாம்."

அக்கா என் தோளைக் கட்டிக்கொள்ள வந்தார். நான் விலகினேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னா விட்டிருப்பியா நீ?" அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "வெளியாளு முன்னால பிள்ளைங்க திருதிருன்னு முழிக்கிறத என்னால பாக்க முடியாதும்மா. அதுங்க மானம் போகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இதைக் கெட்ட மனசோடு யாராவது செய்திருந்தால் நான் ஒரு பாட்டம் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்த நாள் மணியடிக்குமுன் வந்து, காகிதப் பூக்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பழைய காகிதங்களை நானே ஒட்டினேன். தலைமையாசிரியர் பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது. பிள்ளைகள் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். லாரிக்காரரின் மகன் எழுந்து போய்த் தன் காகிதத்தை உரித்துப் பையில் வைத்தான்.

"புரிஞ்சிருச்சாப்பா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் ஏன் எடுக்கற?"

"அவரு திரும்பி வந்துட்டா?"

நான் பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதினேன். எழுபத்தைந்து ரம்புத்தான், பைக்கு நாலு. "யாருக்குத் தெரியும்?" என்று திரும்பினால் மறுபடியும் எல்லாக் கையும் மேலே. இந்த முறை அத்தனையும் வலது கை. அவளுடைய கையும்தான்.

நான் வரிசைக்குள் போய் அவள் பக்கத்தில் குனிந்தேன். அவளுடைய சின்ன வெள்ளைப் பலகையில் கணக்கு மட்டும் அழகாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"தெரியுமாம்மா?"

தலையை ஆட்டினாள். "தெரியாது டீச்சர்."

"அப்புறம் ஏன் இந்தக் கையத் தூக்கின?"

இதுகூடப் புரியவில்லையா என்பது போல் என்னைப் பார்த்தாள். கையை இறக்கவே இல்லை.

"அந்த சாரு எடது கை தூக்கினவங்கள மட்டும்தானே டீச்சர் எழுப்புனாரு" என்றாள். "இந்தக் கை தூக்கினவங்கள ஒன்னுமே கேக்கலயே."